உடைந்த பக்கத்தைப் பார்: ஸ்டெனோவின் சுறாத் தலை

பெரம்பலூர் பக்கத்தில் காரை என்றொரு ஊர் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகிப்போன களிமண் நிலம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. அங்கே புதைபடிவச் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன என்று படித்துவிட்டு, நிலவியல் படித்த நண்பனை இழுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வெயிலில் ஒரு மணி நேரம் குனிந்தே நடந்த பிறகு கூரான, பழுப்பான, வழவழப்பான ஒன்று கைக்கு வந்தது. "சுறாப் பல்லுடா!" என்று கத்தினேன்.

அவன் வாங்கிப் பார்த்தான். "கூர் முனையையே பாக்குற. உடைஞ்ச பக்கத்தைப் பாரு."

உடைந்த முகத்தில், நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி கோடுகள் விரிந்திருந்தன. பல்லுக்கு அப்படி இருக்காது. பல்லென்றால் வேர் இருக்கும், முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு முகம் இருக்கும். என் கையில் இருந்தது பெலெம்னைட். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான, அழிந்துபோன ஓர் உயிரியின் உள்ளோட்டு முனை. காரையில் அது நிறையவே கிடக்கிறது.

அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகுதான் நிக்கோலஸ் ஸ்டெனோ 1667இல் லத்தீனில் எழுதிய சிறு நூலை ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். தலைப்பைத் தமிழில் 'அறுத்துப் பார்த்த சுறாத் தலை' என்று சொல்லலாம். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. டஸ்கனியை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்டோ அதன் தலையை ஃப்ளாரன்ஸில் இருந்த ஸ்டெனோவுக்கு அனுப்பிவைத்தார். ஸ்டெனோ டென்மார்க்காரர், உடற்கூறு வல்லுநர். சுறாவின் பற்கள், மால்டா தீவின் பாறைகளில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' போலவே இருந்தன. அந்தக் கற்கள் வானத்திலிருந்து விழுபவை என்று ப்ளினி எழுதியிருந்தார். புனித பவுலால் கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் என்பது மால்டாவின் கதை. விஷமுறிவுக்கு ஆகும் என்று வாங்கிவைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இணையக் காணொளிகள் சொல்வது இதுதான்: ஸ்டெனோ பார்த்தார், உண்மையைக் கண்டுபிடித்தார், மூடநம்பிக்கை ஒழிந்தது. ஆனால் அவை சுறாப் பற்களே என்று ஃபாபியோ கொலொன்னா 1616லேயே எழுதிவிட்டார். எல்லா இடத்திலும் சுற்றும் அந்த வாய்பிளந்த சுறாப் படமும் ஸ்டெனோ வரைந்ததில்லை. முந்தைய நூற்றாண்டில் மிக்கேலே மெர்க்காத்தி தயாரித்துவைத்த செப்புத் தகட்டிலிருந்து எடுத்தது.

கண்டுபிடிப்பும் அவருடையதில்லை, படமும் அவருடையதில்லை என்றால் என்னதான் மிச்சம்? அவர் வாசிக்கிற விதம்.

பார்த்ததை மட்டும் முதலில் வரிசையாக வைக்கிறார். ஊகங்கள் தனியாக, பிறகு. வடிவம் ஒத்துப்போகிறது என்பதோடு அவர் நிற்பதில்லை. இது பாறைக்குள் எப்படிப் போனது என்று கேட்கிறார். பாறைக்குள்ளேயே வளர்ந்திருந்தால், இடுக்கில் மாட்டிய மரவேர் மாதிரி நசுங்கி முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இல்லையே. ஆகவே பல் வந்து சேர்ந்தபோது சுற்றி இருந்தது இளகிய சேறு. அந்த நிலமே ஒருகாலத்தில் நீருக்கடியில் இருந்திருக்கலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, எதிர்க்கருத்து உள்ளவர்கள் தவறு என்று தான் சாதிக்கவில்லை என்றும் சொல்லிவைக்கிறார்.

நாங்கள் அலுவலகத்தில் எழுதும் பிழை அறிக்கைகளில் 'என்ன நடந்தது', 'ஏன் நடந்திருக்கும்' இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் இரண்டு நாள் தோண்டியிருக்கிறோம். அதனால் இந்த ஒழுங்கின் அருமை எனக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. அவருடைய பணிவில் கொஞ்சம் தற்காப்பும் கலந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. காலம் என்று வரும்போது வேதாகமம் சொல்லும் பிரளயத்தைத் தாண்டி அவர் எட்டிப் பார்ப்பதில்லை. பல் எப்படி வந்தது என்று கேட்டவர், எத்தனை காலமாக அங்கே இருக்கிறது என்ற கேள்விக்குள் போகவில்லை.

ஆனாலும் ஒற்றை ஒற்றுமையை நம்பிப் பெயர் வைப்பது பெரிய ஆட்களையே கவிழ்த்திருக்கிறது. ரம்பம் போன்ற விளிம்பைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டில் லூயி அகாசி மெகலடானை வெள்ளைச் சுறாவின் பேரினத்தில் சேர்த்தார். இன்று அதை ஒடோடஸ் என்ற வேறு பேரினத்தில் வைக்கிறார்கள். ரம்ப விளிம்பு இரண்டு வம்சங்களில் தனித்தனியாக உருவானது. மெகலடான் பல்லில் வேருக்கும் மேல்பகுதிக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கும். வெள்ளைச் சுறாவுக்கு அது கிடையாது.

இதைப் படித்தபோது, சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு மதிப்புரை ஞாபகம் வந்தது. ஒரு முதல் தொகுப்பு. இரண்டு கதைகளில் செத்தவர்கள் வந்து பேசினார்கள். உடனே 'மாய யதார்த்தத்தின் நகல்' என்று முடித்துவிட்டேன். போன மாதம் அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். செத்தவர்கள் பேசியது அந்த ஊர்க் கொடை விழாவின் சாமியாட்டத்தில். கதைக்குள்ளேயே அது எழுதியிருக்கிறது. நான் முனையை மட்டும் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்தாளர் பிறகு தொகுப்பு எதுவும் வெளியிடவில்லை. என்னால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதியது தவறு.

பெலெம்னைட்டைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். மதிப்புரையை அப்படி வைத்துவிட்டு வர முடியாது. திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை கதைகளில் பார்த்ததை மட்டும் முதலில் வரிசையாகப் போட்டு.