எழினிக்குப் பின்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரும் அதன் தொழில்வல்லாரும்

முன்னுரை

கூத்தினைக் கண்டு மகிழ்வோர் கூத்தரை நினைப்பர். கூத்தர்க்கு அணி செய்தாரையும் அரங்கு சமைத்தாரையும் நினைப்பார் சிலரே. காட்சிக் கலையின் வெற்றி, அதனை ஆக்கிய கைகளை மறைப்பதில் உள்ளது. கை தெரியுமாயின் காட்சி கெடும். ஆகலின், திரைக்குப் பின் நின்று தொழில் புரிவோர்க்குப் புகழ் வருவது அரிதாகவும், பழி வருவது எளிதாகவும் அமைகின்றது.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய புதினங்களை அடிப்படையாகக் கொண்டு, எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளாக ஒளிபரப்பிய தொடர் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்பது. 2019 மே மாதம் வெளிவந்த இறுதிப் பருவத்தின் நான்காம் பகுதியில், பழங்கால விருந்து மண்டபம் ஒன்றின் மேசைமேல் இக்காலக் காப்பிக் குவளை ஒன்று அகற்றப்படாது நின்றுவிட்டது. உலகெங்கும் அது நகைப்புக்குரிய செய்தியாயிற்று. நிறுவனம் பின்னர் அதனைக் கணினிவழி நீக்கியது. அத்தொடரில் எத்தனையோ மேசைகளில் அக்கதையுலகிற்கு ஏற்ற கலங்களை ஆராய்ந்து வைத்த கைகளை ஒருவரும் வினவினாரல்லர்; ஒரு குவளையை எடுக்க மறந்த கையை உலகம் வினவியது.

அவ்வாண்டில் பலரும் கூறிய தீர்ப்பு, “கதை கெட்டது, தொழில் கெடவில்லை” என்பதாம். எம்மி விருதுகளும் இதற்கு அரண் செய்வன போல அமைந்தன. 2019-இல் இத்தொடர் பெற்ற 12 விருதுகளுள் 10 விருதுகள் ஆடை, ஒப்பனை, இசை, ஒலி, படத்தொகுப்பு முதலிய துறைகளுக்கு உரியவை. கதையெழுத்துக்கு உரிய விருது வேறொரு தொடருக்குச் சென்றது. இத்தீர்ப்பு தொழில்வல்லாரைப் புகழ்வது போலத் தோன்றும். ஆயின் நுணுகி நோக்குவார்க்கு, அஃது அவர்களைக் கதைப்பொருளுக்குப் புறத்தே நிறுத்துவது புலனாகும். பொருள் செய்பவர் ஒருவர், அதற்கு மெருகிடுவோர் வேறு சிலர் என்னும் கருத்தே அதன் உள்ளீடு. அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரங்கேற்று காதை தரும் அளவுகோல்

தமிழ் கற்றார்க்கு இவ்வாராய்ச்சியில் கைக்கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆடலைக் கூற எழுந்தது. எனினும் இளங்கோவடிகள் அவள் ஆடுமுன் ஆடலாசானையும், இசையாசானையும், கவிஞனையும், தண்ணுமையோனையும், குழலோனையும், யாழோனையும் நிரலே நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் வகுக்கின்றார். பின்னர் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறுகின்றார்; மூவகை எழினி கூறுகின்றார்; தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு அமைத்தலையும் விடாது கூறுகின்றார்.

ஈண்டு இரண்டு கருத்துகள் நோக்கத்தக்கன. ஒன்று, பரிசும் தலைக்கோற் பட்டமும் மாதவிக்கே உரியவாயின. பின்னின்றார் பெயரும் காதையில் இல்லை. பெயர் கூறாத அடிகள் அவர்தம் தகுதியை விரித்துரைத்தார் என்பதே சிறப்பு. மற்றொன்று, அவர் அவர்களைப் பொதுவாகப் புகழ்ந்து அமைந்தாரல்லர். இன்னின்னது அறிந்தவன், இன்னின்னது செய்ய வல்லவன் எனத் தொழிலின் கூறுகளைப் பிரித்துக் காட்டினார். தொழில்வல்லாரைப் பாராட்டும் முறை இதுவே என்க. ‘அருமையான ஆடை, சிறந்த இசை’ என்று கூறி அமைதல் பாராட்டு ஆகாது. கடப்பாடு தீர்த்தல் மட்டுமே ஆகும்.

புனைவுலகமும் உலகியலும்

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்தது புலனெறி வழக்கம் என்பர் தொல்காப்பியர். அகத்திணைக்குக் கூறிய அவ்விதியை இங்குப் பொருத்திக் காணலாம். நடப்பியல் கதைக்கு உலகியலை உலகமே தருகின்றது. ஆசிரியன் நாடகத்தை மட்டும் ஆக்கிக்கொள்ளலாம். பறவைநாகம் பறப்பதும் பிணம் எழுந்து நடப்பதுமாகிய கதையிலோ நாடகம் மிகுந்து நிற்கும். உலகியல் முழுவதையும் ஒருவர் உண்டாக்கித் தரல் வேண்டும். அதனை உண்டாக்கியோர் தொழில்வல்லாரே.

இத்தொடரின் தலைமைக் களம் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரம். முன்னாளில் கப்பற் பகுதிகளுக்கு வண்ணம் தீட்டிய பெருங்கூடம் ஒன்று அங்குப் படப்பிடிப்புக் கூடமாயிற்று. குரோவாசியாவின் துப்ரோவ்னிக் நகரத்து மதில்கள் கதையின் தலைநகராயின. ஐசுலாந்தின் பனிவெளி வடபுலமாயிற்று. முதல் மூன்று பருவங்களுக்கு ஜெம்மா ஜாக்சனும், பிந்தியவற்றிற்கு டெபோரா ரைலியும் களவடிவமைப்பாளராக இருந்தனர். இறுதிப் பருவத்தில் தலைநகர் எரிவதாகக் கதை அமைந்தது. மெய்யான தொன்னகரை எரித்தல் இயலாதாகலின், அதன் தெருக்கள் பெல்பாஸ்டில் புதியனவாக எழுப்பப்பட்டன. எட்டாண்டுக் காலம் காண்போர் கண்டு பழகிய ஊரே அழிகின்றது என்னும் துயரம், அத்தெருக்களின் ஒப்புமையால் பிறந்தது. உரையாடலால் பிறந்ததன்று.

வடபுலக் காவலர் அணிந்த கனத்த போர்வைகள் சில, ஐகியா கடையில் விற்கும் தரைவிரிப்புகளை வெட்டித் தைத்தவை என ஆடை வடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன் 2016-இல் கூறினார். அவற்றின் மயிரை மழித்து, தோல்வார் பூட்டி, அழுக்கும் நைவும் ஏற்றினர். புதிய துணியைப் பழந்துணியாக்கல் அத்துறையில் தனித் தொழிலாகும். பனியில் பல்லாண்டு நின்றவன் என்று ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுத்தாளர் ஒரு தொடரும் எழுத வேண்டாதபடி அப்போர்வை பேசுகின்றது.

மொழி ஆக்கம்

தமிழ் மாணவர் பெரிதும் கருதத்தக்கது மொழித்துறை. மூலப் புதினங்களில் தோத்ராக்கி, வலீரியம் ஆகிய மொழிகளின் சில சொற்களும் சில தொடர்களுமே இருந்தன. அவற்றை வித்தாகக் கொண்டு இலக்கணமும் சொல்வளமும் உடைய மொழிகளை ஆக்கித் தந்தவர் டேவிட் ஜே. பீட்டர்சன். தோத்ராக்கி குதிரையூர்ந்து வாழும் மக்களின் மொழி. அம்மக்களின் பெயரே ‘ஊர்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. நலம் வினவுவாரும், நன்கு ஊர்கின்றனையோ என்னும் பொருள்பட வினவுவர். நிலமும் தொழிலும் சொல்லை ஆக்கும் என்பது திணைக் கோட்பாடு பயின்றார்க்குப் புதிதன்று.

உயர்வலீரியத்தில் பெயர்கள் திங்கள், ஞாயிறு, நிலம், நீர் என்னும் நால்வகையுள் அடங்கும். எண் நான்கு: ஒருமை, பன்மை, சிலவற்றைச் சுட்டுவது, எல்லாவற்றையும் தொகுத்துச் சுட்டுவது. வினை தொடரின் இறுதியில் நிற்கும். மார்ட்டினின் புதினத்தில் ‘மாந்தர் அனைவரும்’ என்னும் பொருளில் வந்த ‘வலர்’ என்னும் ஒரு சொல்லுக்கு இலக்கணம் காணப் புகுந்து, தொகுதியெண் ஒன்றனையே பீட்டர்சன் அமைத்தார். மூல நூலின் ஒரு சொல்லை ஆழ்ந்து நோக்கி அதன் பின்னுள்ள முறைமையை வெளிப்படுத்துதல் உரையாசிரியர் செயலை ஒத்தது.

இவ்வாக்கத்தின் பயன் மூன்றாம் பருவத்து நான்காம் பகுதியில் விளங்குகின்றது. அது 2013-இல் வெளிவந்தது. அடிமை வணிகன் ஒருவன் வலீரியக் கிளைமொழியில் டெனேரிஸ் என்னும் அரசியை இழித்துரைக்கின்றான். மிஸ்ஸாண்டே என்னும் பெண் அவ்விழிசொற்களை மென்மையாக்கி மொழிபெயர்க்கின்றாள். அரசி அறியாள் என்றே அவன் கருதுகின்றான். பேரம் முடிந்தபின் அவள் உயர்வலீரியத்தில் வாய் திறக்கின்றாள். அது தன் தாய்மொழி என்கின்றாள். கிளைமொழிக்கும் மூலமொழிக்கும் இடையே காதால் உணரத்தக்க வேறுபாடு இல்லையாயின் இக்காட்சி இல்லை. பொருளற்ற ஒலிகளை நடிகர் முழங்கியிருப்பின், அவள் வெற்றி வெறும் சூழ்ச்சியாக நின்றிருக்கும். மொழியுரிமையால் வந்த வெற்றியாக உயர்ந்திராது. ஈண்டு மொழிவல்லார் கதைக்கு மெருகிட்டார் என்றல் பொருந்துமா? கதையின் திருப்பமே அவர் ஆக்கிய இலக்கணத்தின்மேல் நிற்கின்றது.

ஆடையும் உள்ளுறையும்

மூன்றாம் பருவத்தில் டெனேரிஸ் அணியும் ஆடையில் பறவைநாகத்தின் செதில் போன்ற பூத்தையல் காணப்படும். அதனைத் தைத்தவர் மிஷேல் கராகர். பருவத்தின் தொடக்கத்தில் அது துணியோடு துணியாக மறைந்து கிடக்கும். கதை செல்லச் செல்லத் தடித்து மேலெழும். அவள் வளர்க்கும் நாகங்கள் வளர்வதும், அவளுள் அரசு வளர்வதும் அத்தையலில் உள்ளன. சான்ஸா என்னும் இளநங்கையின் மணவாடையில் சுற்றிய பட்டியில், தந்தைகுடிச் சின்னமாகிய ஓநாயும் தாய்குடிச் சின்னமாகிய மீனும் பின்னிக் கிடக்க, அவள் மணந்து புகும் பகைக்குடியின் அரிமா அவற்றை மேற்கொள்கின்றது; பிடரிப்புறத்தில் அரிமா முத்திரையும் உண்டு.

வினாவொன்று எழலாம். ஒளிப்படக் கருவி அவற்றை அணுகிக் காட்டவில்லை. காண்போருட் பெரும்பாலோர் கண்டிலர். காணப்படாத வேலைப்பாடு வீணன்றோ? அன்று. உள்ளுறையும் எல்லார்க்கும் புலப்படுவதன்று. கருப்பொருளைக் கூறிச் சென்ற புலவன், அதனுள் வைத்த பொருளை உணர்வார் உணர்க என்று விடுகின்றான். உணராதார்க்கும் பாட்டு நிறைவு தருகின்றது. அந்நிறைவிற்குக் காரணம் அவர் அறியாத அவ்வுட்பொருளே. ஆடையை அணிந்து நின்ற நடிகையும் அதனை அறிவாள் என்பது மறத்தற்கில்லை.

இசையும் களமும்

ரமீன் ஜவாதியின் இசையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஆறு பருவங்களாகப் பியானோ என்னும் கருவியை இத்தொடரில் அவர் ஒலிக்கச் செய்திலர். 2016-இல் ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியில், பேரழிவு ஒன்று நிகழுமுன், பேச்சு அருகிய நெடுங்காட்சியில் அது முதன்முறையாக ஒலிக்கின்றது. இன்னது நிகழும் என்று எவரும் கூறவில்லை. பழகாத கருவியின் ஒலி கூறிவிடுகின்றது. பல்லாண்டு காத்த மௌனம் ஒருநாள் பொருளாயிற்று.

அதே பருவத்தின் ஒன்பதாம் பகுதியில் வரும் பெரும்போரை மிகேல் சபோச்னிக் இயக்கினார். ஏறத்தாழ 500 துணைநடிகரும் 70 குதிரைகளும் கொண்டு 25 நாள் படமாக்கினர். மழையால் களம் சேறாயிற்று. திட்டமிட்டவாறு முடித்தற்கு நாள் போதவில்லை. அந்நெருக்கடியில் அவர் எழுத்தில் இருந்த ஒரு பகுதியை விடுத்து, தலைவன் தன் படையினரின் நெரிசலில் மிதிபட்டு மூச்சடைந்து மீள்வதாகப் புதிதாக அமைத்தார். அப்போரில் நெஞ்சைவிட்டு அகலாத காட்சி அதுவே. சேறும் நாட்குறைவும் எழுத்தாளர்க்கு உதவி செய்தன என்னலாம். அவற்றைப் பயன்கொள்ளத் தெரிந்த களத்தார் இன்றேல் அவ்வுதவியும் இல்லை.

தடையும் விடையும்

தொழில்வல்லாரைப் பொருள் செய்வோராக ஏற்றுக்கொண்டால், அவர் குற்றத்தையும் ஏற்றுக் கூறுதல் கடன். 2019 ஏப்ரலில் வெளிவந்த இறுதிப் பருவத்து மூன்றாம் பகுதியின் நள்ளிரவுப் போர்க்களத்தை 55 இரவுகள் படமாக்கினர். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் இருள் மிகுதியால் நிகழ்வது விளங்கவில்லை எனக் காண்போர் பலர் முறையிட்டனர். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், அவ்விருள் வேண்டுமென்றே அமைத்தது என்றும், வீட்டுத் திரைகளின் அமைப்பே குறையுடையது என்றும் விடை கூறினார். இருளும் குழப்பமும் அப்போரின் பொருள் என்பது உண்மையே. ஆயின் தொலைக்காட்சித் தொடருக்கு அரங்கு காண்போரின் வீடு. தூணின் நிழலையும் கருதி விளக்கு வைத்தவன் நம் அடிகள் காட்டும் அரங்கமைப்போன். அவன்முன் இவ்விடை முழுதும் செல்லாது.

இனி, முதலில் எழுப்பிய தீர்ப்பிற்கு வருவோம். கதை கெடத் தொழில் மட்டும் கெடாது நின்றதா? முதல் ஆறு பருவங்கள் ஒவ்வொன்றும் பத்துப் பகுதிகளை உடையன. ஏழாவது ஏழு, எட்டாவது ஆறு. டெனேரிஸ் அழிவு செய்வாளாக மாறுதல் அக்குறுகிய எல்லைக்குள் விரைந்து முடிந்தது என்பதே பலர் கூறும் குறை. அவ்விரைவு நம்மை உறுத்துவது ஏன்? மாற்றம் என்பது செதில் செதிலாக வளர்வது என்று ஒரு பருவம் முழுதும் நமக்குக் கற்பித்தது அப்பூத்தையல். மௌனம் காத்துக் காத்துப் பொருள் பெறும் என்று கற்பித்தது அவ்விசை. தொழில்வல்லார் வகுத்த பொறுமையைக் கதை இறுதியில் கைவிட்டது. ஆகவே தொழில் கதைக்குப் புறம்பாகத் தப்பி நின்றது என்றல் பிழை. கதையின் குறையை நாம் அளந்த கோலே அவர்கள் தந்தது.

முடிவுரை

இத்தொடர் முடிந்த மறுவாரம், 2019 மே 26-இல், ஜீனி ஃபின்லே இயக்கிய ‘தி லாஸ்ட் வாட்ச்’ என்னும் ஆவணப்படத்தை அந்நிறுவனமே ஒளிபரப்பியது. முதன்மை நடிகரை அது பெரிதும் பின்தொடரவில்லை. ஒப்பனை வல்லாரையும், செயற்கைப் பனி பரப்பியவரையும், உணவு வழங்கியவரையும், பெயரில்லாப் படைவீரராக நின்றவரையும் பின்தொடர்கின்றது. எழினியின் மறுபுறத்தைக் காட்டும் அம்முயற்சி நன்று. ஆயினும் அவர்தம் களைப்பையும் அன்பையும் காட்டுவதோடு அமையாது, அவர் செய்த பொருளை ஆராய்தல் திறனாய்வாளர் கடமையாகும்.

காட்சிக் கலைகளை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர் இந்நாளில் பலர். அவர்தம் ஆய்வேடுகளில் கதை, பாத்திரம், உரையாடல் என்னும் தலைப்புகள் விரிவாக அமைகின்றன. ஆடை, களம், ஒலி, ஒளி என்பன இறுதி இயலில் சில பக்கங்களில் ஒடுங்கிவிடுகின்றன. அரங்கேற்று காதையின் வரிசை இதற்கு மறுதலையானது. அங்கு ஆசான்மாரும் அரங்கும் முன்னே வர, ஆடல் பின்னே வருகின்றது. அவ்வரிசையில் ஆய்வைத் தொடங்கிப் பார்த்தல் நலம்.