வாணியின் குரலை வெட்டினால்: ஒலிச்சித்திரமாக ‘கலை அரசி’

ஒலிச்சித்திரம் தமிழ் வானொலி நேயர்கள் நன்கறிந்த வடிவம். ஒரு திரைப்படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊருக்கு இது பொருத்தமான சினிமா. கண்ணும் கையும் தறியில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது! தார் சுற்றும் பெண்ணுக்கும் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் கொட்டகைக்குப் போகாமலே படம் வந்துவிடும். ஆனால் வருவது முழுப்படம் அல்ல, வெட்டியவர் விட்டுவைத்த படம். அந்தக் கத்தரி யாரை விட்டுவைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

இதைச் சோதிக்க 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யை எடுத்துக்கொள்ளலாம். ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படம் வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டுவந்த தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் ஒன்று. அறிவியலில் உயர்ந்த ஒரு கிரகத்தில் கலை இல்லை. அங்குள்ளவர்களுக்கு இசை கற்றுத்தரப் பூமியின் சிறந்த பாடகியான வாணியைக் கடத்திச் செல்கிறார்கள். அவளை மீட்கக் காதலன் மோகன் போகிறான். மோகனாக எம்.ஜி.ஆர்.; வாணியாகவும், அவளைப் போலவே தோற்றமுள்ள வள்ளியாகவும் பி. பானுமதி.

இந்தக் கட்டுரைக்காகப் படத்தின் ஒலியை மட்டும் இரண்டு விதமாகத் தொகுத்துக் கேட்டேன். முதல் தொகுப்பின் விதி எளியது: கதை நகர வேண்டும், பாட்டு நேரத்தைத் தின்னும், ஆகவே பாட்டு வேண்டாம். கதை தடையில்லாமல் ஓடியது. ஒருத்தி காணாமல் போகிறாள், ஒருவன் மீட்டு வருகிறான். ஆனால் அவளை ஏன் கடத்தினார்கள் என்பதற்குக் காதில் விழும் காரணம் ஒன்றுமில்லை. சிறந்த பாடகி என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், அவள் பாடுவதை நாம் கேட்கவே இல்லை. வாணி வெறும் களவுபோன பொருளாகிவிட்டாள்.

இரண்டாவது தொகுப்பில் பாட்டுகளை வைத்துக்கொண்டு சண்டைகளைக் குறைத்தேன். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. திரையில் கண்ணைப் பறிக்கும் வாள்வீச்சு, காதுக்கு வெறும் உலோகச் சத்தம். யார் வெல்கிறார் என்றுகூடப் புரியாது. நாயகனின் பாட்டுக்குரல் பின்னணிப் பாடகர்களிடம் வாங்கியது. பானுமதி யாரிடமும் கடன் வாங்கவில்லை. பேசுவதும் அவரே, பாடுவதும் அவரே. உடையும் ஒப்பனையும் தெரியாத நிலையில் வாணியின் நிதானமும் வள்ளியின் தடுமாற்றமும் அவர் தொண்டையிலேயே பிரிந்து நிற்கின்றன. கண்ணை மூடினால் இது பானுமதியின் படம்.

இந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த பெண்ணையும் நினைக்க வேண்டும். 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கியவர், கணவர் ராமகிருஷ்ணாவுடன் சேர்ந்து பரணி ஸ்டூடியோவை நடத்தியவர். 1958இல் எம்.ஜி.ஆர். இயக்கிய ‘நாடோடி மன்னன்’ தயாரிப்பின்போது கருத்து வேறுபாடு வந்து விலகினார். அவர் ஏற்ற பாத்திரம் கதையின் நடுவிலேயே கொல்லப்பட்டது. பின்பகுதிக்குச் சரோஜாதேவி வந்தார். கதைக்கு அவள் தேவையா இல்லையா என்பதைக் கதை மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

‘கலை அரசி’யைப் பெண்ணியப் படம் என்று நான் சொல்லவரவில்லை. மனநலம் குன்றிய வள்ளியை ஆள்மாறாட்டத்துக்கு ஒரு வசதியாகத்தான் கதை பயன்படுத்துகிறது. அத்தனை அறிவியல் உள்ள கிரகத்துக்கும் ஒரு பெண்ணை அழைக்கத் தோன்றவில்லை, தூக்கிப்போகத்தான் தோன்றுகிறது. பாட்டுகளைச் சேர்த்த தொகுப்பு இந்தக் குறைகளைச் சரிசெய்துவிடாது. ஆனால் நடந்தது களவு என்பதையும், களவாடப்பட்டது ஒருத்தியின் திறமை என்பதையும் அது நம் காதில் போடுகிறது.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய, நெசவாளியோடு மறுகரையில் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். கடையில் விரித்துக் காட்டும் சேலையில் அந்தக் கை தெரியாது. ஒலித்தொகுப்பிலும் அப்படித்தான், தையல் தெரியாமல் வெட்டுவதே அங்கே திறமை. அதனால் ஒரு படத்தின் சுருக்கத்தைக் கேட்கும் மாணவிகள் முழுப்படத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பேசிய, பாடிய நிமிடங்களை இரண்டிலும் எண்ணுங்கள். எது போயிற்று என்று குறித்துக்கொண்ட பிறகு, அது இல்லாமல் கதை யாருடையதாக மாறிற்று என்று கேளுங்கள்.