நிரலும் கோட்பாடும்: பீட்டர் நௌரின் கொள்கை – ஒரு மதிப்பீடு

மென்பொருள் உருவாக்கத்தைப் பொறியியலாக நோக்கும் போக்கு, 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடைபெற்ற நேட்டோ மாநாட்டிற்குப்பின் வலுப்பெற்றது. இந்நோக்கில் நிரல் ஒரு விளைபொருள். ஆவணம் அதன் விளக்கம். அம்மாநாட்டு அறிக்கையின் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவரான டென்மார்க் அறிஞர் பீட்டர் நௌரே, 1985இல் வெளியிட்ட கட்டுரையில் இந்நோக்கை மறுத்தார் என்பது கருதத்தக்கது.

நிரலாக்கம் என்பது கோட்பாடு கட்டுதல் என்பது அவர் கொள்கை. கோட்பாடு என்பதைக் கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட நூலின்வழி அவர் பொருள்கொள்கிறார். ஒரு செயலைச் செய்வதோடு அதனை விளக்கவும் வினாக்களுக்கு விடையளிக்கவும் வல்ல அறிவே கோட்பாடு. நிரலின் கூறுகள் புறவுலகோடு எவ்வாறு பொருந்துகின்றன, ஒவ்வொரு கூறும் ஏன் அவ்வாறு அமைந்தது, புதிய தேவைக்கேற்ப அதனை எவ்வாறு மாற்றுவது ஆகிய மூன்றையும் நிரலர் அறிவார். ஆவணம் இவற்றை முழுமையாகத் தாராது.

இதற்கு அவர் தரும் சான்று தெளிவானது. ஒரு குழு உருவாக்கிய தொகுப்பியை மற்றொரு குழு விரிவாக்க முற்பட்டது. நிரலும் விரிவான ஆவணங்களும் அக்குழுவிடம் இருந்தன. எனினும், அதன் திட்டங்கள் மூல அமைப்பில் இருந்த வசதிகளைப் பயன்படுத்தாமல், அவ்வமைப்பின் எளிமையையும் ஆற்றலையும் குலைக்கும் ஒட்டுவேலைகளாக அமைந்தன. மூலக் குழுவினர் இதனை உடனே கண்டறிந்து, மூல அமைப்பிற்குள்ளேயே தீர்வு கூறினர்.

இதுவரை நௌரின் வாதம் வலியது. ஆனால், நிரலை அறிந்த குழு கலைந்தபின் பனுவலிலிருந்து மட்டும் கோட்பாட்டை மீட்டல் இயலாது என்னும் அவர் முடிவு மிகைப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போது, எழுதியவர்கள் விலகிச் சென்ற பழைய கோபால் நிரல்களும் திருத்தப்பட்டன. ஆண்டை இரண்டு இலக்கத்தில் குறிக்கும் வழக்கைக் கண்டறிய, மாறிகளின் பெயர்களும் தரவு வரையறைகளும் துணைசெய்தன. எனினும், அத்திருத்தங்களுக்குப் பெரும்பாலும் ஒரு குறியீட்டு வழக்கை அறிதலே போதுமானதாக இருந்தது. நிரலின் அமைப்புக் காரணங்களை மீட்க வேண்டியிருக்கவில்லை.

எனவே, கோட்பாட்டை மீட்டல் முழுமையாக இயலும், அறவே இயலாது என இருமுனைப்படுவதன்று, அளவில் வேறுபடுவது. பெயரும் வரையறையும் கூறப்பட்டதைக் காட்டும். தவிர்க்கப்பட்ட மாற்றுவழிகளை அவை காட்டுவது அரிது. ஆசிரியர் இல்லாத பனுவலோடு மொழிபெயர்ப்பாளர் கொள்ளும் உறவும் இத்தகையதே. நிரலரின் மனத்தை வலியுறுத்திய நௌர், பனுவலின் மொழிக்கு உரிய இடம் தரவில்லை. அவ்விடத்தை ஆராய்தல் மொழியியலாரின் பணியாகும்.