ஐந்து முறை அமுக்கினால் திறக்கும் பூட்டு

தாயில்பட்டியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சென்ற பருவத்தில் ஒருநாள் நான்கைந்து அச்சுத்தாள்களுடன் என்னிடம் வந்தார். மின்னணு சிகரெட்டைப் பூட்டவும் திறக்கவுமான அமைப்பு ஒன்றுக்காக வெளிநாட்டில் தாக்கல் செய்யப்பட்ட காப்புரிமை விண்ணப்பத்தின் படி அது. "சார், பொத்தானை 5 தடவை அமுக்கினால் திறக்குமாம். மறுபடியும் 5 தடவை அமுக்கினால் பூட்டிக்கொள்ளுமாம். இதற்கெல்லாமா பேட்டண்ட் கொடுப்பார்கள்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வகுப்பில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஆகவே அன்புள்ள வாசகர்களே, அந்தத் தாள்களை உங்கள் முன் விரித்துவைத்து, அவற்றில் சரக்கு எவ்வளவு, சொல்லலங்காரம் எவ்வளவு என்று பார்க்க விரும்புகிறேன். கருவியை விரித்துக் காட்ட இயலாது. தமிழ்நாடு 2018-இலும், மத்திய அரசு 2019-இலும் அதைத் தடை செய்துவிட்டன.

முதலில் கருவி. பெயர்தான் சிகரெட், உள்ளே நெருப்பில்லை, புகையிலையும் இல்லை. ஒரு லித்தியம் மின்கலம், மெல்லிய கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிய திரி, திரியை நனைக்கும் திரவம், இவ்வளவுதான். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின் ஆகியவை இருக்கும். மின்கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட், சுருளின் மின்தடை 1.2 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 3 ஆம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டம் பாயும். திறன் 11 வாட்டுக்கு மேல். நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கைவிட அதிகமான திறன், குண்டூசியளவு கம்பியில் வெப்பமாக மாறுகிறது. திரவம் ஆவியாகிறது, அந்த ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகும்போது புகைபோல் தெரிகிறது. இதை இழுப்பவரின் உடலுக்குள் செல்வது பழைய நிக்கோட்டினேதான்.

இத்தகைய பொருள் சட்டைப் பையில் கிடக்கும்போது பொத்தான் தானாக அமுங்கினால் என்ன ஆகும்? சுருள் காய்ந்து கருகும்; மின்கலம் சூடேறும். ஆகவே ஒரு பூட்டு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை எப்படிச் செய்கிறார்கள்? உள்ளே பொட்டளவு நுண்கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கும்போதெல்லாம் சில்லின் ஒரு முனையில் மின்னழுத்தம் மாறுகிறது. உலோகத் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லிவினாடிகள் துள்ளும். ஒரே அமுக்கலைப் பலவாக எண்ணிவிடாதிருக்கச் சில்லு சற்றுப் பொறுத்துத்தான் கணக்கிடும். இரண்டு வினாடிக்குள் 5 அமுக்கல் சேர்ந்தால், நினைவகத்தில் உள்ள ஓர் எண் 0-இலிருந்து 1 ஆகிறது. எண் 0 என்றால் சுருளுக்கு மின்சாரம் விடும் டிரான்சிஸ்டர் மூடியே இருக்கும். 1 என்றால் அடுத்த அமுக்கலில் அது திறக்கும்.

அவ்வளவுதான் பூட்டு! ஓர் இருமக் குறி. பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் பிள்ளை ஒரு பிற்பகலில் செய்து காட்டிவிடுவான்.

விண்ணப்பம் எழுதியவர் இதைச் சொல்லும் நடையே வேறு. "பயனரின் முன்னிர்ணயிக்கப்பட்ட இயக்கத் தொடரை உணர்ந்து நிலை மாறும் கட்டுப்பாட்டு அலகு" என்கிற தோரணையில் பத்திக்குப் பத்தி போகிறது. நோக்கியா கைப்பேசியில் மெனுவை அமுக்கி, பிறகு நட்சத்திரக் குறியை அமுக்கி விசைப்பலகையைத் திறந்தோமே, நினைவிருக்கிறதா? அதுவும் முன்னிர்ணயிக்கப்பட்ட இயக்கத் தொடர்தான். நம் தாத்தாமார் எண் சுழற்றித் திறந்த பெட்டிப் பூட்டும் அதே இனத்தைச் சேர்ந்ததே. இந்தியக் காப்புரிமைச் சட்டம் (1970), கண்டுபிடிப்பு புதிதாக இருப்பது மட்டும் போதாது, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முன்பே அறிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையையே செய்யுமாறு அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பாகாது என்று 3(எஃப்) பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு சல்லடையிலும் 5 அமுக்கல் தங்காது என்பது என் கணிப்பு.

ஆனால் நான் முக்கியமாகக் குறை காண்பது வேறோர் இடத்தில். விண்ணப்பத்தின் முன்னுரையில், கருவி தற்செயலாக இயங்குவதைத் தடுப்பது நோக்கம் என்கிறார்கள். இரண்டு பத்தி தள்ளி, சிறுவர்கள் பயன்படுத்துவதைத் தடுப்பதும் நோக்கம் என்கிறார்கள். இரண்டுக்கும் "பூட்டு" என்ற ஒரே சொல். இவை ஒன்றா? இதற்கு விடை கூறத் தாயில்பட்டி மாணவருக்குச் சில்லும் வேண்டாம், டிரான்சிஸ்டரும் வேண்டாம். அவருடைய தாயார் வேலை செய்யும் தீப்பெட்டியே போதும்.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் தடவிய மருந்தில் சிவப்பு பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. உரசும்போது எழும் வெப்பத்தில் சிவப்பு பாஸ்பரசில் ஒரு துளி வெள்ளை பாஸ்பரசாக மாறிக் குளோரேட்டோடு சேர்ந்து பற்றுகிறது. குச்சிகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் ஒன்றும் ஆகாது. பூட்டு குச்சியில், சாவி பெட்டியில்! சுவீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக் பாஷ் இந்தப் பிரிவினைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் திருத்திப் பெருந்தொழிலாக்கினார்கள். அதற்கு முந்தைய குச்சிகளோ எங்கே உரசினாலும், சில வேளை எலி கடித்தாலும் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. அந்த ஆபத்தை நீக்கியது உண்மையான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும் இந்தப் பூட்டு குழந்தையைத் தடுக்குமா? தடுக்காது. பெட்டியும் குச்சியும் ஒன்றாகவே அடுப்படியில் கிடக்கின்றன. அம்மா உரசுவதை மூன்று வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாதுகாப்புத் தீக்குச்சி தற்செயலைத்தான் தடுக்கிறது, தகாத கையை அன்று. தீப்பெட்டிக்காரர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. மின்னணு சிகரெட்டின் 5 அமுக்கலும் இதே வகைதான். ஒருமுறை பார்த்தவன் திறந்துவிடுவான். பக்கத்து வீட்டுப் பையன் கற்றுக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

தகாத கையைத் தடுக்கும் பூட்டை எப்படிச் சோதிப்பது? சிகரெட் லைட்டர்களுக்கு அமெரிக்காவில் 1994-இல் நடைமுறைக்கு வந்த விதி இதற்குச் சிறந்த உதாரணம். 42 முதல் 51 மாத வயதுள்ள 100 குழந்தைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, சுடர் வராத போலி லைட்டரைக் கையில் கொடுக்கிறார்கள். 5 நிமிடம் அவர்களாகவே முயல விடுகிறார்கள். பிறகு சோதனையாளர் எப்படி இயக்குவது என்பதைச் செய்து காட்டுகிறார்! மீண்டும் 5 நிமிடம். குறைந்தது 85 சதவீதக் குழந்தைகளால் முடியாமற்போனால்தான் அந்த லைட்டர் தேறும். நடுவில் செய்து காட்டுகிறார்களே, அந்த இடத்தைக் கவனியுங்கள். குழந்தை தானாகக் கண்டுபிடிப்பதைவிடப் பெரியவரைப் பார்த்துச் செய்வதே அதிகம் என்பதை அறிந்து வகுத்த சோதனை அது. அதில் தேறும் லைட்டர்களில் பொறிச் சக்கரத்தின்மேல் ஓர் உலோகப் பட்டை இருக்கும். அல்லது சக்கரத்தைச் சுழற்றப் பெரியவரின் விரல் வலு தேவைப்படும். இரகசியம் ஏதுமில்லை, விசையும் உராய்வும்தான்.

நம் விண்ணப்பத்தில் இப்படி ஒரு சோதனை உண்டா என்று மாணவரும் நானும் புரட்டிப் பார்த்தோம். இல்லை. இருக்க வேண்டும் என்று சட்டமும் கேட்பதில்லை. காப்புரிமை அலுவலகம் கேட்பவை, இது புதிதா, வெளிப்படையாகத் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா என்ற மூன்றுதான். குழந்தையைத் தடுக்குமா என்பது அதன் கேள்வி அன்று. ஆனால் விளம்பரத்தில் "காப்புரிமை பெற்ற பாதுகாப்புப் பூட்டு" என்று வந்தால் வாங்குபவர் என்ன நினைப்பார்? அரசாங்கம் சோதித்து முத்திரை குத்தியது என்றல்லவா? தேங்காய் எண்ணெயிலிருந்து பிரஷர் குக்கர் வரை இந்த மயக்கம் நம்மிடம் உண்டு.

சரி, இன்னும் வலுவான பூட்டுகள் இல்லையா? உண்டு. கைரேகை, கைப்பேசியோடு இணைப்பு, வயதுச் சான்று என்று போகின்றன. அமெரிக்காவின் ஜூல் நிறுவனம், கைப்பேசிச் செயலி மூலம் வயதைச் சரிபார்த்துத் திறக்கும் புதிய கருவிக்கு அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்திடம் 2023 ஜூலையில் அனுமதி கேட்டது. திரவக் குப்பி அசல்தானா என்று அறியும் சில்லும் அதில் உண்டு. இயற்பியல் நோக்கில் இவை 5 அமுக்கலைவிட எவ்வளவோ மேல். சாவி இப்போது கருவிக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் யார் கைக்கு வந்தது? வீட்டில் உள்ள பெரியவரிடமா? அவர் கையில் பாதி, நிறுவனத்தின் கையில் பாதி. சிறுவனைத் தடுக்கும் அதே அமைப்பு, வேறு நிறுவனத்தின் குப்பியையும் தடுத்துவிடுகிறது. எந்த வேலைக்காக இத்தனை செலவு செய்தார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பெரியவர் திறந்து வைத்த கருவி யார் வாய்க்குப் போகிறது என்பதைச் செயலி அறியாது.

இந்தியாவில் இக்கதைக்கு ஒரு வேடிக்கையான திருப்பம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்னணு சிகரெட்டைச் செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது எல்லாமே குற்றம். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியானால் இங்கே அதற்குக் காப்புரிமை தரலாமா? உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளைவிப்பது காப்புரிமைக்கு உரியதன்று என்று 3(பி) பிரிவு கூறுகிறது. ஐ.டி.சி. நிறுவனம் நுண்துளிப் புகை உண்டாக்கும் வெப்பமூட்டி ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது காப்புரிமை அலுவலகம் இப்பிரிவைக் காட்டி மறுத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் அந்த மறுப்பை நீக்கி, மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது. காப்புரிமை என்பது பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமையே தவிர, தான் விற்பதற்கான உரிமை அன்று என்பது அங்கே எழுந்த முக்கியமான வாதம்.

சட்டத்தின் சொற்படி அது சரியே என்று நினைக்கிறேன். பாரிஸ் உடன்படிக்கையும், உள்நாட்டில் விற்பனைக்குத் தடை இருப்பதை மட்டுமே காரணம் காட்டிக் காப்புரிமையை மறுக்கலாகாது என்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். யாருமே செய்யக்கூடாத ஒன்றை, மற்றவர்கள் செய்யக்கூடாது என்று ஒருவருக்கு 20 ஆண்டு உரிமை! வெப்பமூட்டிக்குத் திறக்கும் இந்தக் கதவு பூட்டுகளுக்கும் திறக்கும். எனவே ஒழுக்கம், உடல்நலம் என்று 3(பி)-யில் மட்டும் நின்று வாதாடுவதைவிட, இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது என்ற எளிய கேள்வியை அலுவலர்கள் அழுத்திக் கேட்பதே பலன் தரும்.

உண்மையாகவே உயிர் காக்கும் ஒரு கண்டுபிடிப்பு காப்புரிமைக்குள் அகப்பட்டால் என்ன செய்வது? இதற்கும் தீப்பெட்டியின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. வெள்ளை பாஸ்பரஸ் குச்சி செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. அதற்கு மாற்றாக நஞ்சற்ற பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு வந்தது. ஆனால் அமெரிக்காவில் அதன் காப்புரிமை டயமண்ட் தீப்பெட்டி நிறுவனத்தின் கையில் இருந்தது. மற்ற ஆலைகள் நஞ்சிலேயே உழல வேண்டிய நிலை. குடியரசுத் தலைவர் டாஃப்ட் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி கேட்க, நிறுவனம் 1911 ஜனவரியில் விட்டுக்கொடுத்தது. இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் குச்சிகள் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. பத்தாண்டுக்குப் பிறகு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது, எவருடைய பாதுகாப்புப் பூட்டுக்கும் அவர்கள் கப்பம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த மாணவர் இன்னொரு கேள்வி கேட்டார். "எங்கள் ஊர் டீக்கடையில் பத்து ரூபாய் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்க விட்டிருக்கிறார்கள் சார். அதன் பூட்டை யார் பார்த்தார்கள்?" அந்த லைட்டர்களால் தீப்பெட்டித் தொழில் நலிகிறது என்று தமிழக முதல்வர் 2022 செப்டம்பரில் மத்திய அரசுக்கு எழுதினார், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி 2023 ஜூனில் தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே லைட்டர்களுக்கு இந்தியத் தர முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையும் பிறந்தது. அந்தத் தரத்தில் சுடரின் உயரத்துக்கு அளவு உண்டு. கீழே விழுந்தால் தாங்குமா என்ற சோதனை உண்டு. 100 குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கும் சோதனை அதில் இல்லை.