நிற்காத வண்டி: ஆலிவர் சாக்ஸும் அவர் விட்டுவந்த இங்கிலாந்தும்

ஆலிவர் சாக்ஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தாடி வைத்த, கனிவான ஒரு நரம்பியல் மருத்துவர். மனைவியைத் தொப்பி என்று நினைத்துக்கொண்ட மனிதரைப் பற்றி எழுதியவர். 'அவேக்கனிங்ஸ்' படத்தில் ராபின் வில்லியம்ஸ் நடித்த டாக்டருக்கு மூலம் அவர்தான். 2015-ல் வந்த அவருடைய தன்வரலாறான 'ஆன் த மூவ்' புத்தகத்தின் அட்டை இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் கலைத்துப்போடும். தோல் ஜாக்கெட் போட்ட கட்டுமஸ்தான இளைஞன் ஒருவன் பி.எம்.டபிள்யூ பைக் மேல் உட்கார்ந்திருக்கிறான். இடம் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ், வருடம் 1961. புத்தகம் வெளிவந்த சில மாதங்களில், ஆகஸ்ட் 30 அன்று சாக்ஸ் இறந்துபோனார்.

'டாக்டருக்கு இப்படியும் ஒரு முகம்' என்று பைக் விஷயத்தை ஒரு துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் புத்தகத்தின் நரம்பே அங்கேதான் ஓடுகிறது. 27 வயதில் ஊரை விட்டுப் போன ஒருவர், எண்பதைத் தாண்டிய வயதில் திரும்பிப் பார்த்து எழுதும்போது முதலில் பள்ளிக்கூட பெஞ்சையோ அம்மாவின் சமையலையோ நினைக்கவில்லை. லண்டன் தெருக்களில் தான் ஓட்டிய பழைய பிரிட்டிஷ் வண்டிகளைத்தான் நினைக்கிறார். இதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அவரை வாழவிடாத ஒரு நாட்டின் வண்டிகள் மேல் எப்படி இவ்வளவு பிரியம்?

போர்க்காலத்தில் ஆறு வயதுச் சிறுவனாக விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் சாக்ஸ். அங்கே அடியும் பசியும். எங்கேயாவது ஓடிப்போக வேண்டும், அதுவும் வேகமாக, என்ற ஆசை அந்த அடைபட்ட நாட்களில் முளைத்ததாக எழுதுகிறார். அப்பா ஒரு குடும்ப மருத்துவர். போருக்கு முன்னால் அவரிடம் ஸ்காட் ஃப்ளையிங் ஸ்குவிரல் வண்டி இருந்தது. தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின், அலறுகிற சைலன்சர். பையனுக்குப் பைக் ஆசை அங்கிருந்துதான் ஒட்டிக்கொள்கிறது.

18 வயதில் அவர் வாங்கிய முதல் வண்டி ஒரு செகண்ட் ஹேண்ட் பி.எஸ்.ஏ. பேண்டம். சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சின். முதல் நாள் ரீஜென்ட்ஸ் பார்க்குக்கு எடுத்துப்போகிறார். முழுசா முறுக்கினதும் ஆக்ஸிலேட்டர் அப்படியே மாட்டிக்கொள்கிறது. பிரேக்கோ பேருக்குத்தான். நல்லவேளை, அந்தப் பூங்காவைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை இருக்கிறது. எதிரே வருபவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே சுற்றுகிறார், சுற்றுகிறார், சுற்றிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பெட்ரோல் தீர்ந்துதான் வண்டி நிற்கிறது.

படித்தால் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். சாக்ஸும் அதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார். இந்தக் காட்சிக்கு எந்தப் பொழிப்புரையும் எழுதாமல் விடுகிறார் பாருங்கள், அங்கேதான் அவர் தேர்ந்த எழுத்தாளர். வேகம் இருக்கிறது, நிறுத்தத் தெரியவில்லை, வெளியே போகவும் வழியில்லை. வட்டம் மட்டும்தான்.

ஏனென்றால் அதே 18 வயதில்தான் இன்னொன்றும் நடக்கிறது. தனக்கு ஆண்கள் மேல் ஈர்ப்பு உண்டு என்று அப்பாவிடம் சொல்கிறான் பையன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். அப்பா சொல்லிவிடுகிறார். அம்மா, அந்தக் காலத்திலேயே அறுவை மருத்துவரான, மகன் மேல் உயிரையே வைத்திருந்த அம்மா, அவனை அருவருப்பான பிறவி என்கிறாள், நீ பிறக்காமலே இருந்திருக்கலாம் என்கிறாள். சில நாள் பேச்சே இல்லை. பிறகு பேசினாள், ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவள் வளர்ந்த காலம் அப்படி என்று சாக்ஸ் மன்னிக்கிறார். மன்னித்தாலும், அந்தச் சொற்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி தன்னை விடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

பைக்கும் சாபமும் ஒரே அத்தியாயத்தில், சில பக்க இடைவெளியில் கிடக்கின்றன. 'இதனால் அது' என்று அவர் கோடு போட்டு இணைப்பதில்லை. பைக்கில் ஏறும் பையனும் அம்மாவின் முன்னால் நின்ற பையனும் ஒருவனே என்பதைப் படிக்கும் நாம்தான் உணர்ந்துகொள்ள வேண்டும்.

லண்டன் வடக்குச் சுற்றுச் சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் இளைஞர்கள் ராத்திரியெல்லாம் கூடிய காலம் அது. மணிக்கு நூறு மைலைத் தொட்டால்தான் கூட்டத்தில் மதிப்பு. சாக்ஸ் அந்த வேகப் பித்தை ருசித்து எழுதுகிறார். சின்ன வண்டிதான் ஆபத்து, பெரிய வண்டி என்றால் இக்கட்டில் சட்டென்று விலகிவிடலாம் என்று அப்பா அம்மாவிடமே வாதாடி, அவர்கள் காசிலேயே நார்ட்டன் வாங்கிவிடுகிறார். (இந்த வாதத்தை வீட்டில் வைக்காத பைக் பையன் உலகத்தில் உண்டா?)

1960 ஜூலை 9, அவருடைய 27-வது பிறந்தநாள். அன்று கனடாவுக்கு விமானம் ஏறுகிறார். காரணங்கள் பல. மனநோயால் அவதிப்பட்ட அண்ணன் மைக்கேல் வீட்டில் இருக்கிறார். அந்தத் துயரத்திலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது, தப்பித்த குற்றவுணர்வும் கூடவே வந்தது. இன்னொன்று சட்டம். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து ஓரளவு நீக்கியதே 1967-ல்தான். கனடாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ. அங்கே தாம் கன் என்ற ஆங்கிலக் கவிஞர் இருக்கிறார். அவரும் 1954-ல் இங்கிலாந்தை விட்டு வந்தவர், அவரும் தன்பால் விருப்பமுடையவர். அவருடைய 1957-ம் ஆண்டுத் தொகுப்பின் முதல் கவிதையே பைக் ஓட்டிகளைப் பற்றியது. சாக்ஸின் புத்தகத் தலைப்பு அந்தக் கவிதையின் தலைப்புதான்.

கலிஃபோர்னியாவில் பகலில் வெள்ளைக் கோட்டு, இரவில் தோல் உடை. தன் நடுப்பெயரான 'வுல்ஃப்' அந்த இரவு மனிதனுக்குப் பொருந்திப்போகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாஸ் ஏஞ்சலஸில் கிளம்பி, டேங்க் மேல் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டி, 500 மைல் தாண்டி கிராண்ட் கேன்யனில் சூரிய உதயம் பார்க்கிறார். ரீஜென்ட்ஸ் பார்க்கின் வட்டச் சாலை இங்கே நேர்க்கோடாகிவிட்டது. வண்டி மட்டும் பிரிட்டிஷ் வண்டியில்லை, ஜெர்மன் வண்டி. பழையதை நினைத்து உருகுகிறவர் பழையதையே தேடி வாங்கவில்லை.

பிரிட்டிஷ் பைக் ஏக்கம் இன்று ஒரு பெரிய கலாச்சாரம். 'அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?' என்ற பெருமூச்சு. இதோடு ஒப்பிட ரிச்சர்ட் தாம்ப்சனின் '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1991-ல் வந்தது. தாம்ப்சனும் லண்டன்காரர், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். திருடன் ஜேம்ஸ், செந்தலை மோலி, சாகும்போது அவன் அவளிடம் தருகிற வண்டிச் சாவி. அருமையான பாட்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தாம்ப்சன் பிறந்தது 1949-ல், வின்சென்ட் பைக் உற்பத்தி நின்றது 1955-ல். பந்தயத்துக்கென்றே முப்பது சொச்சம் மட்டும் செய்யப்பட்ட வண்டி அது. வாழ்ந்து பார்க்காத காலத்துக்கான ஏக்கம் என்பதால் அந்தப் பாட்டில் வண்டி ஒரு தெய்வம். பிரேக் பிடிக்காமல் போவதில்லை, எண்ணெய் ஒழுகுவதில்லை. சாக்ஸின் பேண்டம் எங்கேயும் தெய்வமாவதில்லை. அது ஓட்டை வண்டி. ஓட்டை வண்டியாகவே நேசிக்கப்படுகிறது.

சொல்லப்போனால், அந்த 'பிரிட்டிஷ்' என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 1948-ல் வந்த பேண்டம் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியின் நகல். போர் இழப்பீடாக வந்த வரைபடங்களிலிருந்து பிறந்தது. எதிர்த்திசையில் போன கதையும் உண்டு, அது நம்ம ஊர்க் கதை. 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தங்கள் இளமையை இங்கிலாந்துக்காரர்கள் நம்மிடமிருந்து காசு கொடுத்து வாங்கினார்கள்! சாக்ஸ் மாதிரி அந்த வண்டியும் வெளியூர் போனதால்தான் பிழைத்தது. ஊரிலேயே இருந்த பி.எஸ்.ஏ., நார்ட்டன் எல்லாம் எழுபதுகளுக்குள் சரிந்தன.

இனி என் குறைகள். அமெரிக்காவில் நிலைபெற்றதும் புத்தகம் வேகம் இழக்கிறது. பிற்பகுதியில் புகழ்பெற்ற நண்பர்கள் வரிசையாக வருகிறார்கள், போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் சில பத்திகள், அவ்ளோதான். அதைவிட முக்கியமாக, நாற்பது வயதுக்குப் பிறகு 35 வருடங்கள் யாரோடும் உறவில்லாமல் வாழ்ந்ததை சாக்ஸ் ஏறக்குறைய போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். ஒரு பழுதான ஆக்ஸிலேட்டருக்குக் கிடைத்த இடம் முப்பத்தைந்து வருடத் தனிமைக்குக் கிடைக்கவில்லை. எழுபத்தைந்து வயதில் பில் ஹேய்ஸைச் சந்தித்துக் காதல் வயப்படும் கடைசிப் பக்கங்கள் மனதைத் தொடுவது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் இருந்த நீண்ட இருட்டை நாம் போதுமான அளவு கடக்கவில்லை. அம்மாவின் சொல் எவ்வளவு தூரம் துரத்தியது என்பதை அந்த மௌனம்தான் சொல்கிறது என்று வாதிடலாம். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். முதல் அத்தியாயத்தில் சொல்லாமல் விட்டது கலை. இங்கே சொல்லாமல் விட்டது தயக்கம்.

தாம் கன் இதை முன்பே பார்த்திருந்தார் என நினைக்கிறேன். சாக்ஸின் இளம் வயது எழுத்தில் திறமை இருந்தும் பிறர்மேல் பரிவு குறைவாக இருந்ததாகவும், 'அவேக்கனிங்ஸ்' வந்தபோது அந்தப் பரிவே எழுத்தை நடத்துவதாகவும் நண்பருக்குக் கடிதம் எழுதியவர் அவர். பிறர் நோயை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண், தன்னிடம் வரும்போது வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

அப்படியானால் முதலில் கேட்ட கேள்விக்கு என்ன பதில்? சாக்ஸ் ஏங்குவது இங்கிலாந்துக்காக இல்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த நாட்டில் அவருக்கென்று இருந்த ஒரே தனியிடம் ஒரு பைக்கின் சீட். அதன்மேல் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் யாருக்கும் மகனில்லை, யாருக்கும் குற்றவாளியில்லை. ஊரை வெறுக்கவும் முடியாமல் ஊருக்குத் திரும்பவும் முடியாமல் வெளியே வாழ்கிற எவருக்கும் இப்படி ஒரு சீட் இருக்கும். அதை எழுதும்போது பிரேக் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிற நேர்மைக்காகவே இந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். மிச்சத்தைப் படிக்கலாமா என்று பெட்ரோல் தீர்ந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.