தளை தட்டாத உப்பு

நங்கநல்லூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குறுக்குத் தெருக்களில் நடந்தால், சில வீட்டு வாசல்களில் பதினைந்து இருபது ஜோடிச் செருப்புகள் கிடக்கும். விசேஷம் ஒன்றுமில்லை, டியூஷன். கார் ஷெட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்: "அலுமினியம் மூணு, ஆக்சிஜன் ரெண்டு, மாத்திப் போடு, ஏஎல் டூ ஓ த்ரீ." அடுத்தது மக்னீசியம். "ரெண்டு, ரெண்டு, மாத்திப் போடு, அடிச்சு விடு, எம்ஜி ஓ." 32 அடி ஆஞ்சநேயருக்குத் தீபாராதனை மணி அடித்தாலும் இந்த ராகம் நிற்காது. இதற்குக் 'கிரிஸ் கிராஸ்' முறை என்று பெயர். நானும் இதே ராகத்தில் படித்தவன். பின்னாளில் அக்கா பிள்ளைகளுக்கு இதையே சொல்லியும் கொடுத்தேன். இந்த முறை எதைத் தருகிறது, எதை மறைக்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

முறை எளிது. இரண்டு தனிமங்களின் குறியீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மேலே இணைதிறனைப் போட்டு, எண்களைக் குறுக்காகக் கீழே இறக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணால் வகுபட்டால் அடித்துவிடலாம். சல்பேட், பாஸ்பேட் மாதிரி கூட்டமாக வரும் அயனிகளுக்கு அடைப்புக்குறி. இதன் பலத்தைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. நேர்மின் அயனிகள் பன்னிரண்டும் எதிர்மின் அயனிகள் பத்தும் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளை 120 சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதிவிடும். வெறும் 22 சொல்லை வைத்து 120 வாக்கியம். ஆய்வகத்தின் பூட்டைத் திறந்தே பார்க்காத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கும் இது சமமாகக் கிடைக்கிற கருவி. உள்ளே ஒரு நிஜமான விதியும் இருக்கிறது: நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் மொத்தத்தில் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மூன்று இருமுறை ஆறு. ஆக்சிஜனின் இரண்டு மும்முறை ஆறு. வரவுக்கும் செலவுக்கும் நேர். ஆனால் கார் ஷெட்டில் இந்த வரவு செலவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'மாத்திப் போடு' மட்டும்தான் காதில் விழுகிறது.

தமிழில் இதற்கு நாம் வைத்த பெயரே கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது. வாய்பாடு. ஈரெட்டுப் பதினாறு என்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததும் வாய்பாடுதான். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று யாப்பிலக்கணத்தில் படிப்பதும் வாய்பாடுதான். அந்த யாப்பு உவமை இங்கே நன்றாகவே பொருந்துகிறது. அசை சேர்ந்தால் சீர், சீரும் சீரும் சேரும் இடத்தில் தளை. தளை என்றால் கட்டு, பிணைப்பு. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று. இவ்வளவு தெரிந்தால் யாரும் தளை தட்டாமல் வெண்பா எழுதிவிடலாம். அதில் கவிதை இருக்க வேண்டும் என்று இலக்கணம் கேட்பதில்லை. கிரிஸ் கிராஸும் அப்படித்தான். தளை தட்டாத உப்பு ஒன்றை எழுதிக்கொடுக்கும். அப்படி ஓர் உப்பு உலகத்தில் உண்டா என்று கேட்காது.

இது பேச்சுக்காகச் சொன்னதல்ல. அந்த 120 கட்டத்திலேயே பேய்கள் உட்கார்ந்திருக்கின்றன. அலுமினியம் கார்பனேட்டுக்குப் பிள்ளைகள் அழகாக வாய்பாடு எழுதுவார்கள், மார்க்கும் விழும். அலுமினியம் உப்புக் கரைசலில் சலவைச் சோடாவைக் கலந்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வண்டலாகத் தங்கி, கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு வெளியேறும். பழைய நுரைத் தீயணைப்பான்கள் இதையொத்த வினையால்தான் வேலை செய்தன. கார்பனேட் பாட்டிலுக்குள் வருவதே இல்லை. மூன்று இணைதிறன் உள்ள இரும்போடு அயோடைடு சேர்ந்தாலும் இப்படித்தான்: இரும்பு இரண்டுக்கு இறங்கிவிடும், அயோடின் தனியே பிரியும். எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது கால்சியம் பைகார்பனேட். போர் தண்ணீர் காய்ச்சும் எந்த வீட்டுக்கும் அது தெரிந்த விருந்தாளி. கெய்சர் கம்பியிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படியும் உப்புக்குக் காரணம் அதுதான். அதை அடைப்புக்குறியெல்லாம் போட்டுப் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள். ஆனால் அதைத் திடப்பொருளாக ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்க முடியாது. தண்ணீருக்குள் அயனிகளாக இருக்கும். தண்ணீரை வற்ற வைத்தால் கார்பனேட்டாக மாறிக் கையில் வரும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கண்ணெதிரே இருக்கும் பொருளை இந்த முறை எழுத மறுக்கும். சித்த மருத்துவத்தில் பூரம், வீரம் என்று இரண்டு சரக்குகள். இரண்டிலும் பாதரசமும் குளோரினும்தான். வீரம் கடும் நஞ்சு. அதில் ஒரு பாதரசத்துக்கு இரண்டு குளோரின், கிரிஸ் கிராஸ் சரியாகச் சொல்கிறது. பூரத்தில் பாதரசத்தின் இணைதிறன் ஒன்று, ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்று பிள்ளை எழுதும். உண்மையில் அங்கே இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்தபடி நிற்கின்றன, வாய்பாடு இரண்டுக்கு இரண்டு. அடித்து விடக் கூடாத இடத்தில் அடித்து விடுகிறோம். அடுப்படிக்கு வந்தால் இன்னும் மோசம். கார்பனுக்கு நான்கு, ஹைட்ரஜனுக்கு ஒன்று, மாற்றிப் போட்டால் மீத்தேன் ஒன்றுதான் கிடைக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் புரப்பேனும் பியூட்டேனும் இந்தக் கணக்கில் பிறக்கவே முடியாது. கார்பன் கார்பனோடேயே சங்கிலி கோத்துக்கொள்ளும் என்ற செய்தி அந்தக் குறுக்குக் கோடுகளில் இல்லை.

இவையெல்லாம் விதிவிலக்குகள், எந்த விதிக்குத்தான் விலக்கில்லை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் ஹைட்ரஜன் குளோரைடு, கார்பன் டெட்ராகுளோரைடு, மக்னீசியம் குளோரைடு மூன்றையும் ஒரே குறுக்குக் கோட்டால் எழுதக் காட்டுகிறது. முதல் இரண்டும் தனித்தனி மூலக்கூறுகள். மூன்றாவதில் மூலக்கூறு என்று ஒன்றே கிடையாது. கட்டம் கட்டமாக அடுக்கிய அயனிகள், அவற்றின் விகிதம் மட்டும்தான் வாய்பாட்டில் இருக்கிறது. ஒரே கோடு இரண்டு வெவ்வேறு உலகங்களைச் சமமாக்கி விடுகிறது. சாப்பாட்டு உப்பில் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்திருக்கின்றன என்று பிராக் தந்தையும் மகனும் 1913-ல் எக்ஸ்-கதிரால் கண்டார்கள். பெரிய பெரிய வேதியியலாளர்களுக்கே இது செரிக்கவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1927-ல் 'நேச்சர்' இதழில், சாதாரண உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று கோபமாக எழுதினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற ஜோடி. நம் பிள்ளைகள் மனதில் இன்றும் குடித்தனம் நடத்துவது அந்த ஜோடிதான்.

அந்த ஜோடிக்கு ஒரு காதல் கதையும் சொல்லிக் கொடுக்கிறோம். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான், அதைக் கொடுத்துவிட ஆசை. குளோரினுக்கு ஏழு, ஒன்று வாங்கினால் எட்டு, நிறைவு. இதுதான் எண்ம விதி. கேட்க இனிமை, நினைவில் நிற்கும். கணக்குதான் ஒத்துவரவில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அதை வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349. ஆக 147 நஷ்டம். ஆசைப்பட்டுக் கொடுத்த தானம் இல்லை இது. அயனிகள் நாலா பக்கமும் நெருங்கி அடுக்காக அமையும்போது கிடைக்கும் சுமார் 787 கிலோஜூல்தான் எல்லா நஷ்டத்தையும் அடைக்கிறது. பரிமாற்றத்தை லாபமாக்குவது அடுக்கு. ஜோடிக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அல்ல. இங்கிலாந்தில் கீத் டேபர் என்ற ஆய்வாளர் மாணவர்களிடம் பேசிப் பார்த்ததில், எலக்ட்ரானை வாங்கிய ஒரே குளோரினோடுதான் சோடியத்துக்குப் பிணைப்பு, மற்ற ஐந்தோடும் வெறும் ஈர்ப்பு என்று பலர் நம்புவது தெரிந்தது. ஏழு எலக்ட்ரானைக் கூடுதலாக வாங்கி எட்டு ஆக்கிக்கொண்ட சோடியம் நிலையானது என்று சொன்னவர்களும் உண்டு. எட்டு என்ற எண்ணுக்கு அவ்வளவு மயக்கம். அந்த மயக்கத்துக்கு நம்மூரும் விலக்கல்ல. "மூணாவது ஷெல்லில் பதினெட்டு இடம் இருக்கே, பொட்டாசியம் ஏன் எட்டோட நிறுத்திட்டு நாலாவதுக்குப் போகுது?" என்று ஒரு பையன் கேட்டதை என் காதால் கேட்டேன். "அதெல்லாம் லெவன்த்ல வரும்டா, இப்ப எழுது" என்று பதில் வந்தது.

எட்டைக் கொண்டுவந்தவர் தன் விதியை இவ்வளவு நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. கில்பர்ட் லூயிஸ் 1916-ல் பிணைப்பு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். எலக்ட்ரான் இரட்டைதான் அடிப்படை, எட்டு அதற்கு அடுத்தபடி என்று பின்னால் எழுதினார். எட்டைப் பிரபலமாக்கியது லாங்முயர். மந்த வாயுக்கள் எதோடும் சேராது என்ற வாக்கியத்தை 1962-ல் நீல் பார்ட்லெட் செனானைக் கொண்டு ஒரு சேர்மம் செய்து கவிழ்த்தார். லூயிஸ் கட்டுரை வந்த அதே 1916-ல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னால் அவரே 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். திண்ணை என்ற சொல்லில் ஒரு நிதானம் இருக்கிறது. திண்ணை போய்க் கார் ஷெட் வந்ததில் அந்த நிதானமும் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வரிசையும் தலைகீழ். பாடத்தில் முதலில் எலக்ட்ரான் அமைப்பு, அதிலிருந்து இணைதிறன், அதிலிருந்து வாய்பாடு. வரலாற்றில் மனிதர்கள் போனது எதிர்த்திசையில். டால்டன் 1808-ல் தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றே எழுதினார். அது இரண்டுக்கு ஒன்று என்று உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. பிராங்க்லாந்து 1852-ல் இணைதிறன் என்ற கருத்தைச் சொன்னபோது எலக்ட்ரான் யாருக்கும் தெரியாது. அது 1897-ல்தான் வந்தது. எடை போட்டு, வாயுவை அளந்து, விகிதம் பார்த்துக் கண்டுபிடித்த எண்ணை இன்று மேலிருந்து இறங்கிய தீர்ப்பாகக் கொடுக்கிறோம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. அங்கே 1954, 55-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு முச்சுருள் அமைப்பைச் சொன்னார்கள். அதில் மூன்று அமினோ அமிலத்துக்கு ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டா, ஒன்றா என்று ஆய்வாளர் கிரிக்கோடு நீண்ட சர்ச்சை நடந்தது. பிணைப்பு என்பது எண்ணிப் பார்த்து, வாதாடி முடிவு செய்யும் விஷயம் என்பதற்கு நம் பக்கத்து ஸ்டேஷனே சாட்சி.

டியூஷன் எடுப்பவர்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. ஒரு பரீட்சைக்கு முன் முப்பது நாளில் இருபது பேரைக் கரையேற்ற வேண்டியவருக்கு இதைவிட நம்பகமான படகு இல்லை. முறையையே விட்டுவிடச் சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். ஈரெட்டுப் பதினாறு தெரியாமல் கணிதம் இல்லை. என் கோரிக்கை மிகச் சிறியது. 'மாத்திப் போடு' என்பதற்குப் பதில் 'சுமையை நேர் பண்ணு' என்று சொன்னால் போதும், அதே நேரம்தான் ஆகும். எண்ம விதியைக் காரணமாகச் சொல்லாமல் நினைவுக்குறிப்பாகச் சொல்லலாம். எழுதிய வாய்பாடுகளில் நாலைந்தை எடுத்து, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கலாம்.

டியூஷன் எடுக்கும், எனக்குத் தெரிந்த ஒரு மாமி இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார். பழுதாகிக் கழற்றிய கெய்சர் கம்பியை வகுப்புக்கு நடுவில் வைத்து, அதன் வெள்ளைப் படிவத்தின் மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். பொங்கிய நுரையைப் பார்க்கப் பாயிலிருந்து எல்லோரும் எழுந்து வந்தார்கள். படிவம் கால்சியம் கார்பனேட், கிளம்பும் வாயு கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லி வாய்பாடுகளை எழுதச் சொன்னார். எழுதிவிட்டார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் முந்தின வாரத்து நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப போன வாரம் எழுதின பைகார்பனேட் எங்க மாமி போச்சு?"