கொழுந்துக்கூடையும் கணினியின் இரு நெறிகளும்

உருவமா, உள்ளடக்கமா என்னும் விவாதம் ஈழத்துத் தமிழ் விமர்சன உலகிற்குப் புதியதன்று. இலக்கியத்தை முன்னிட்டு நிகழ்ந்த அவ்விவாதம், இன்று கணினித் திரையிற் பொருள்களை வடிவமைப்போரிடையே வேறொரு கோலத்தில் எழுந்துள்ளது. கட்டற்ற மேற்பரப்பு நெறி சிறந்ததா, பரமான நெறி சிறந்ததா என்பதே அவர்தம் வினா. அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்து சுமக்கும் கூடையை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

மேற்பரப்பு நெறி மோட்டார் வாகனத் தொழிலின் தேவையாற் பிறந்தது. 1960களில் பிரான்சின் ரெனோல்ட் நிறுவனத்திற் பணிபுரிந்த பியர் பெசியே, வாகன உடலின் வளைவுகளைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் ஆளும் முறையை வளர்த்தார். புள்ளியொன்றை இழுக்க, வளையி அதற்கிசைந்து வளையும். களிமண்ணை வனையும் குயவனின் விரலுக்கு உள்ள சுதந்திரம் போன்றது இது. ஆயினும், அம்மேற்பரப்பு தன் வடிவின் காரணத்தை அறியாது. கூடையின் வாய் ஏன் இவ்வளவு அகன்றிருக்கிறது என வினவின், புள்ளிகளிடம் விடையில்லை. கூடையின் ஆழத்தை மாற்ற விரும்பின், ஏனைய அளவுகளையும் வடிவமைப்பாளரே ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

பரமான நெறி அக்காரணங்களைப் பதிந்துவைக்க முனைகிறது. 1963இல் ஐவன் சதர்லாந்து ஆக்கிய ஸ்கெச்பாட், கோடுகளிடையேயுள்ள உறவுகளைக் கணினியே பேணுமாறு செய்தது. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த புரோ எஞ்சினியர், முப்பரிமாணப் பொருள்களில் இத்தகைய உறவுகளைத் தொழிற்றுறைக்கு உரியனவாக்கியது. கொழுந்தெடுப்பவரின் முதுகின் நீளம், கை எட்டும் தூரம், கொழுந்தின் நிறை ஆகியவற்றைப் பரமானங்களாக, அதாவது மாற்றத்தக்க அளவுகளாக, எழுதிவிட்டால், அவற்றுள் ஒன்று மாற ஆழமும் வாயகலமும் கயிற்றின் நீளமும் உடன் மாறும்.

இத்தகைய அறிவு மலையகத்துக்கு அந்நியமன்று. செடியின் மேல் வைக்கப்படும் மட்டக்கம்பு, பறிப்பின் மட்டத்தை வரையறுக்கிறது. அவ்வரையறைக்குள் எத்தளிரைக் கொய்வது, எதனை விடுவது எனத் தேர்வது கையின் சுதந்திரம். வரையறையும் சுதந்திரமும் ஒரே உழைப்பினுள் இணைந்துள்ளன.

ஆயின், பரமான நெறியையே முடிந்த முடிபெனக் கொள்வோரின் வாதம் ஒரு குறையை மறைக்கிறது. எழுதப்பட்ட உறவுகளை மாத்திரமே கணினி காக்கும். தோட்டத்து லயங்களை நோக்குக. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி என்ற அறையளவு வரிசை வரிசையாகப் பெருக்கப்பட்டது. கணினி தோன்றுமுன்னரே அது கண்டிப்பான அளவு நெறிதான். அங்கே ஆட்டொகை கணக்கிற் சேர்ந்தது. குடும்ப வாழ்வு சேரவில்லை. கூடைக்கும் இதே அபாயம் உண்டு. நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து என்ற அளவு பல தோட்டங்களில் வழங்கிவந்துள்ளது. அந்நிறையும் கொள்ளளவும் மாத்திரம் பரமானங்களாயின், கணக்கிற் பிழையற்ற மாதிரியொன்று கிடைக்கும். தலையில் மாட்டிய கயிற்றின் வழியே கழுத்தில் இறங்கும் சுமையும், மலைச்சரிவில் ஏறும் கால்களின் தளர்ச்சியும் அம்மாதிரியில் இடம்பெறா.

எனவே, இரு நெறிகளையும் எதிரெதிர் நிறுத்துவது பொருத்தமன்று. முதுகிலும் தலையிலும் படியும் பகுதிகளுக்கு மேற்பரப்பு நெறியே உகந்தது. மனித உடலில் நேர்கோடு அரிது. சுமை, ஆழம், எட்டும் தூரம் ஆகியவற்றின் உறவுகளுக்குப் பரமான நெறி வேண்டும். இரண்டுக்கும் இடந்தரும் மென்பொருள்கள் இன்று உள. எவ்வளவுகளைப் பெயரிட்டு எழுதுவது என்னும் தெரிவினை மாத்திரம் மனிதரே செய்தாக வேண்டும்.

அத்தெரிவு சரிவர நிகழாமைக்குச் சான்று கண்முன்னே உள்ளது. மூங்கிற்கூடையின் இடத்தை நைலோன் பை பிடித்துக்கொண்ட மலைகளிலும் சுமை தலையிலிருந்தே தொங்குகிறது. உருவம் மாறியும் உறவு மாறவில்லை. புதிய கூடையொன்றை வடிவமைக்க முனைவோர், பரமானப் பட்டியலின் முதல் வரியை அதனைச் சுமக்கும் பெண்ணிடமே கேட்டு எழுதுதல் வேண்டும். அவருடைய கழுத்து ஓர் அளவாக அதில் இடம்பெறாதவரை, எந்நெறியில் ஆக்கப்பட்டாலும் அது தோட்டத்தின் கூடையாகவே இருக்கும், அவருடைய கூடையாகாது.